அங்கீகரிக்கப்பட்ட அலறல்

பேருந்து நிலையத்தில் இருபத்து மூன்று ஆண்டுகளாக அறிவிப்பாளராக இருந்தவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடது கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. வியாழக்கிழமை ழகரம் போய்விட்டது. கன்னம் உப்பி, நாக்கு மடங்க இடமில்லாமல், அவர் "ஏழாம் மேடை" என்று சொன்னது ஒலிபெருக்கி வழியாக "ஏறலாம் மேடை" என்று வெளியே வந்தது. ஏறலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்த பயணிகள் அவரவர் எதிரில் நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டார்கள். வங்கி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட ஒருவர் சர்க்கரை ஆலை வாசலில் இறக்கிவிடப்பட்டார். பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

நிலைய மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"இங்க பாருங்க, உங்க குரல்தான் இந்த நிலையம். நான் இல்லைங்கல. ஆனா ழ இல்லாத குரலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? போய்ப் பல்லை எடுத்துட்டு வாங்க. அது வரைக்கும் மைக் பக்கம் வராதீங்க."

அறிவிப்பாளர் தலையாட்டினார். ஊருக்கே கேட்கும்படி வாயைத் திறக்கிறவர்தான். ஆனால் அந்த வாய்க்குள் சாப்பாட்டுக் கரண்டியைத் தவிர வேறெந்த உலோகமும் இதுவரை நுழைந்ததில்லை. பல் பிடுங்கும் குறடு என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை வேர்க்கிற ஆள்.

நிலைய ஊழியர்கள் பல் விஷயமாக நகரப் பல் மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். வேறெங்கும் பிடுங்கப்பட்ட பல், பிடுங்கப்பட்ட பல்லாகக் கருதப்பட மாட்டாது என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. எனவே வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கன்னத்தில் கைக்குட்டையை ஒற்றியபடி, அவர் அந்த மஞ்சள் கட்டடத்தின் மூன்றாம் எண் அறை முன்னால் வரிசையில் நின்றார். கதவின் மேல் 'அச்சப் பதிவு' என்று எழுதியிருந்தது.

"பல் எடுக்கணும்," என்றார் உள்ளே இருந்த எழுத்தரிடம்.

"அது பதினேழாம் அறை. கடைசியில வரும். முதல்ல பயம்," என்றார் எழுத்தர்.

"பயம் வேண்டாங்க. பல் மட்டும் போதும்."

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். இதை ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் விளக்கினார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் பதினேழாம் அறையில் ஒரு நோயாளி பயத்தில் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டார். கடிபட்ட விரல் தொடர்பாக ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. பயந்தவர்களே கடிக்கிறார்கள் என்று குழு கண்டுபிடித்தது. ஆகவே பயம் இல்லாதவர்களின் பல்லை மட்டுமே பிடுங்குவது என்று முடிவாகி, பயமின்மைச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது.

"பயம் இல்லைன்னு நானே எழுதிக் குடுத்துடறேனே."

"எழுதத்தான் போறீங்க. பன்னிரண்டு பக்கம்."

படிவத்தில் ஆறாவது கேள்வி, 'பயப்படாமல் இருப்பது எப்போதிலிருந்து?' என்று கேட்டது. பதினொன்றாவது, 'பயப்படவில்லை என்பதற்குச் சாட்சி யார்? உறவுமுறை என்ன?' என்றது. பத்தொன்பதாவது, 'குடும்பத்தில் வேறு எவருக்கேனும் பயம் இருந்ததுண்டா?' என்றது.

அறிவிப்பாளர் அதில் தயங்கி, 'அண்ணனுக்குப் பயம் கிடையாது. காலமாகிவிட்டார்' என்று எழுதினார்.

எழுத்தர் எட்டிப் பார்த்தார். "காலமானவங்க எல்லாருமே பயப்படாதவங்க கணக்குலதான் வருவாங்க. தனியா எழுத வேண்டியதில்ல."

"உயிரோட இருந்தப்பவே அவருக்குப் பயம் கிடையாதுங்க. லைன்மேன். புயல்ல கம்பம் ஏறினவர்."

"நல்லது. அதுக்கு இங்க கட்டம் இல்ல," என்று எழுத்தர் அந்த வரியை அடித்துவிட்டார்.

சாட்சிக்கு மனைவியைக் கூட்டி வரச் சொன்னார்கள். அவள் திங்கட்கிழமை கடையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். துணிக்கடையில் முகத்துக்கு நேரே அளவு சொல்லிப் பழகியவள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்கறதுன்னா பயமா?" என்று எழுத்தர் கேட்டார்.

"பல்லா? பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறிடுவாரு."

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார்.

"ஏம்மா, கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதா?" என்றார் அறிவிப்பாளர் வெளியே வந்ததும்.

"சாட்சின்னு கூப்பிட்டா உண்மையைத்தானே சொல்லணும்? அப்புறம், நானும் உங்ககூட உள்ள வர்றேன்னு சொன்னேன், அதுக்கும் படிவமாம். ஏங்க, இந்த இடமே எனக்குப் பிடிக்கல. எல்லாரும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு சுவரையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. என்னமோ மாதிரி இருக்கு."

அவள் சொன்னது சரிதான். ஒன்பதாம் அறை முன்னால் ஒரு நீண்ட கூடம். அங்கே ஐம்பது பேராவது பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாகக் கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு பெரியவர் இருந்தார். அவர் எட்டு மாதமாக வருகிறார். ஐந்தாவது மாதம் ஒரு ரொட்டித் துண்டைக் கடித்தபோது பல் தானாகவே விழுந்துவிட்டது.

"அப்புறம் ஏன் இன்னும் வர்றீங்க?" என்றார் அறிவிப்பாளர்.

"கோப்பை மூடணும்ல? பல் விழுந்தப்போ நான் பயப்படலைன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன்," என்றார் துண்டுக்காரர்.

அப்போது அந்த அலறல் வந்தது.

கூடத்தின் கோடியில், பதினேழு என்று எழுதிய இரட்டைக் கதவின் பக்கமிருந்து வந்தது. ஓர் ஆணின் குரல். எதையோ பார்த்துவிட்ட குரல். நான்கு வினாடி நீண்டு, உச்சியில் உடைந்து, சட்டென்று நின்றது. ஐம்பது பேரும் ஒரே சமயத்தில் கன்னத்தைப் பிடித்தார்கள். மனைவி அவர் கையை இறுக்கினாள். யாரோ ஒரு பெண் மூலையில் அழத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

அச்ச மதிப்பீட்டு அலுவலர் ஓர் அம்மாள். வெள்ளைக் கோட்டு, அதில் மடிப்புக் கலையாத சட்டைப் பை. அறிவிப்பாளரின் மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி, உள்ளங்கை வேர்வையை ஒரு தாளில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்பத்திரண்டு. இருபதுக்குக் கீழ இருந்தாத்தான் சான்றிதழ். ஏன் இவ்வளவு பயம்?"

"உள்ள யாரோ கத்தினாங்களே அம்மா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவர் கத்தறது அவர் பயம். நான் கேக்கறது உங்க பயம்."

அவரை அச்ச நீக்கத்துக்காகப் பதினோராம் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் ஆலோசகர் அன்பாக உட்கார வைத்து, பயப்பட ஒன்றுமில்லை என்பதை விளக்குவதற்காக ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார். கடந்த நூறு ஆண்டுகளில் பயன்பட்ட குறடுகள் அதில் வரிசையாக இருந்தன. "இது இப்ப இல்ல. இதுவும் இப்ப இல்ல. இதைப் பாருங்க, இதுல திருகிட்டு இழுப்பாங்க, தாடையே கையோட வந்துடும், இப்ப அதெல்லாம் கிடையாது," என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடுத்தார். பிறகு, தவறாகப் போன சிகிச்சைகளின் படங்களைக் காட்டி, இவையெல்லாம் எவ்வளவு அபூர்வமானவை என்று விவரித்தார்.

புதன்கிழமை மறுபடி அளந்தபோது தொண்ணூற்றொன்று வந்தது.

"முன்னேற்றம் இருக்கு," என்றார் அலுவலர் அம்மாள். "திசைதான் மாறியிருக்கு. அடுத்த வாரம் வாங்க."

அன்று அறிவிப்பாளர் உடனே வீட்டுக்குப் போகவில்லை. மைக் இல்லாத வேலை நாளில் போவதற்கு இடமும் இல்லை. கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கால் மணிக்கொரு தரம் அலறல் வந்தது. முதல் இரண்டு முறை மற்றவர்களைப் போலவே அவரும் கன்னத்தைப் பிடித்தார். மூன்றாவது முறை, அலறலுக்கு ஒரு கணம் முன்னால் மிக மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. 'டொக்'.

இருபத்து மூன்று ஆண்டுகள் ஒலிபெருக்கியோடு குடும்பம் நடத்தியவருக்கு அந்தச் சத்தம் தெரியும். விசையைத் தட்டும் சத்தம். அதற்குப் பின்னால் நாடா ஓடும்போது வரும் சன்னமான இரைச்சல். அவர் அண்ணாந்து பார்த்தார். பதினேழாம் அறைக் கதவுக்கு மேலே, தூசி படிந்த கம்பி வலைக்குள், ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது.

உள்ளே யாரும் கத்தவில்லை.

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அடுத்த கால் மணி ஆகிவிட்டது. இப்போது பயம் இல்லாமல், ஒரு தொழில்காரனின் காதோடு கேட்டார். குரல் மேலே ஏறியது, உடைந்தது, உடைந்த இடத்தில் ஒரு சொல் இருந்தது. இத்தனை நாளும் வெறும் ஓலமாகக் கேட்டது, இப்போது சொல்லாகக் கேட்டது.

"அம்மாடா!"

அம்மாடி என்று கத்துகிறவர்கள் உண்டு. அப்பாடா என்கிறவர்கள் உண்டு. அம்மாடா என்று சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். தாய் தகப்பன் போனபின் ஏழு வயதுத் தம்பியைத் தனியாளாக வளர்த்தவர். எழுந்திருடா, சாப்பிடுடா, படிடா என்று சொல்லிச் சொல்லி, அந்த 'டா' வாயில் ஒட்டிக்கொண்டு, மேலதிகாரியிடமும் மழையிடமும் அதே 'டா' போட்டுத் திட்டு வாங்கியவர். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து போய்விட்டார்.

அறிவிப்பாளருக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அண்ணன் இதே மருத்துவமனையில் பல் பிடுங்கிக்கொண்டது ஞாபகம் வந்தது. துணைக்குக் கூட வந்தவரே இவர்தான். வாசலில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போனார். வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வாயில் பஞ்சு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒண்ணுமே இல்லடா என்றார். அந்தக் கட்டை விரலை நம்பித்தான் இத்தனை காலமும், அண்ணன் பயமறியாதவர், தான் பயந்தாங்கொள்ளி என்று இவர் ஒதுங்கி வாழ்ந்தார்.

ஒண்ணுமே இல்லை என்றவர் இப்படியா கத்தினார்? அப்படி என்னதான் செய்தார்கள் அவரை?

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பல் வலி என்று மனைவி நினைத்துக்கொண்டாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அளவீட்டுக்கு முறை இல்லாதபோதும் அவர் கூடத்தில் போய் உட்கார்ந்தார். கால் மணிக்கொரு தரம் அண்ணன் கத்தினார். நடுவில் இருக்கிற பதினான்கு நிமிடங்களில் அந்தக் குரல் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்தால் கேட்டது. மின்கம்பத்தைப் பார்த்தால் கேட்டது. வெள்ளிக்கிழமை மாலை பொறுக்க மாட்டாமல் மனைவியிடம் சொன்னார்.

"உங்க அண்ணன் குரலா? நிச்சயமாவா?"

"என் குரலை நான் மறந்தாலும் மறப்பேன்."

"அப்போ பல்லு கிடக்கட்டும். முதல்ல போய் அதை நிறுத்தச் சொல்லுங்க. செத்தவரைப் போட்டு தினமும் கத்த வைக்கிறதாவது!"

சனிக்கிழமை மனுவோடு கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனார். அகலமான மேசை, அதன் மேல் பளிங்கில் செய்த ஒரு பெரிய கடைவாய்ப் பல். கண்காணிப்பாளர் மனுவை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து வந்து அறிவிப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அவரோட தம்பியா நீங்க! உக்காருங்க, உக்காருங்க. உங்க அண்ணன் இந்த நிறுவனத்துக்குப் பண்ற சேவை சாதாரணமில்ல. அந்தக் காலத்துல மாணவர்களுக்காக எல்லா சிகிச்சையையும் பதிவு பண்ணி வச்சாங்க. நானூறு நாடா. எங்க குழு உக்காந்து நானூறையும் கேட்டு, தேர்ந்தெடுத்தது இதைத்தான். அங்கீகரிக்கப்பட்ட அலறல். தளவாடப் பதிவேட்டுல இருக்கு, நாற்காலி மேசை மாதிரி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், கால் மணிக்கு ஒண்ணு. முப்பத்திரண்டு தடவை. வாய்ல பல் எத்தனை? அதையும் யோசிச்சுத்தான் வச்சோம்."

"எதுக்குங்க இது?"

"பயத்தை அளக்கணும்னா பயம் இருக்கணுமா வேண்டாமா? ஒருத்தர் தைரியமா வந்து உக்காந்துட்டா நாங்க எதை அளக்கிறது? அதான், ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் சமமா பயம் கிடைக்கிற மாதிரி ஏற்பாடு. வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க." அவர் சுவரில் இருந்த ஒரு வரைபடத்தைக் காட்டினார். "பாருங்க. மூணு வருஷமாப் புகார் பூஜ்ஜியம். வலிச்சுதுன்னு ஒருத்தர் சொல்லல. ரத்தம் வந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லல. எந்த மருத்துவமனைக்கு இந்தப் பேர் இருக்கு?"

"எத்தனை பல் எடுத்தீங்க சார், இந்த மூணு வருஷத்துல?"

"அதையும் பூஜ்ஜியத்துலயே பராமரிச்சுட்டு வர்றோம்," என்றார் கண்காணிப்பாளர். "ஒண்ணு ஏறினா இன்னொண்ணும் ஏறிடும், பாருங்க."

"அவர் என் அண்ணன் சார். அவர் கத்தறதைக் கேட்டுட்டு என்னால இருக்க முடியல," என்றார் அறிவிப்பாளர். அவருக்கே தன் குரல் சின்னப் பையன் குரல் போலக் கேட்டது.

"புரியுது, புரியுது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒலிக்கூடத்துல போய், இது உங்க அண்ணன் குரல்தான்னு கேட்டு உறுதி பண்ணி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஏன்னா பதிவேட்டுல இது வரைக்கும் 'பெயர் தெரியாதவர்'னுதான் இருக்கு. நாங்க 'காலஞ்சென்றவர்'னு சேர்த்துக்கலாம். மதிப்புக் கூடும்."

ஒலிக்கூடம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரே ஒரு நாற்காலி, ஒரு பழைய நாடா இயந்திரம், சுவரில் ஒரு கடிகாரம். பொறுப்பில் இருந்த பெண் மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், விசையைத் தட்டினாள், நான்கு எண்ணினாள், மறுபடி தட்டினாள். நாடாவைக் கையால் பின்னுக்குச் சுற்றினாள். பட்டாணிக்குத் திரும்பினாள். மேலே கூடத்தில் யாரோ விம்முவது தரை வழியாகக் கேட்டது.

அவர் வாயைத் திறந்து வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க பஸ் ஸ்டாண்ட் குரலாச்சே! என்ன சார், ஒரு வாரமா காணோம்? உங்களுக்குப் பதிலா யாரோ மூக்கால பேசறாங்க."

அவர் மீதியையும் சொன்னார். அவள் கையில் இருந்த பட்டாணி கீழே உருண்டது.

"ஐயோ சார். இது ஒரு ஆளோடதுன்னே நான் நினைச்சது இல்ல. மூணு வருஷமா எனக்கு இது மணி அடிக்கிற மாதிரிதான்."

"இதுக்கு அப்புறம் என்ன இருக்கும்மா?"

"எதுக்கு அப்புறம்?"

"நாலு வினாடிக்கு அப்புறம். நாடா பெரிசா இருக்கே."

அவள் நாடாவைப் பார்த்தாள். "தெரியாது சார். நாலு வினாடிதான் விதி. நாலோட நிறுத்திடுவேன்." சற்று யோசித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்துக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினாள். "கேக்கறீங்களா? நிச்சயமா?"

அவர் அவள் விட்ட நாற்காலியில் உட்கார்ந்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கும் சத்தம் வரும். எலும்பு நொறுங்கும் சத்தம் வரும். அண்ணன் அழுவார். அதைக் கேட்காமல் இனிமேல் தூங்கவும் முடியாது என்று தலையசைத்தார்.

'டொக்'. அலறல். அம்மாடா. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் விரல் பழக்கத்தில் விசைக்குப் போய், நின்றது.

நாடா ஓடியது. ஒரு பாத்திரம் விழுந்து உருளும் ஓசை. பிறகு யாரோ ஒரு டாக்டரின் குரல், பொறுமையாக: "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க. இது வெறும் கண்ணாடி. பல்லைப் பார்க்கிற கண்ணாடி."

பிறகு சிரிப்பு. முதலில் வெட்கப்பட்ட சிறு சிரிப்பு, பிறகு அடக்க முடியாமல் புரையேறுகிற சிரிப்பு. அண்ணனின் சிரிப்பு. டாக்டரும் சேர்ந்து சிரித்தார். "கம்பத்து மேல ஏறுற ஆளா நீங்க?" என்றார். "அதுல நான் போய் ஏறறேன்டா டாக்டர். இதுல நீங்கல்ல என் வாய்க்குள்ள ஏறறீங்க," என்றார் அண்ணன். மறுபடி சிரிப்பு. கொஞ்ச நேரம் எதுவுமில்லை, ஏதோ முனகல், ஒரு தட்டில் டங்கென்று ஏதோ விழும் சத்தம். "இவ்வளவுதானா?" என்று பஞ்சு வைத்த வாயோடு அண்ணன் கேட்டார். "இவ்வளவுதான்," என்றார் டாக்டர்.

நாடா முடியப்போகிற இடத்தில், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் ஓசையோடு, குரல் தாழ்ந்து வந்தது. "டாக்டர், வெளியில என் தம்பி உக்காந்திருக்கான். நான் கத்தினது அவனுக்குத் தெரிய வேண்டாம். பயந்துடுவான்."

அவ்வளவுதான். நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். முறைப்படி வரவேண்டிய ஓர் அலறல் தவறிப்போயிருந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அறிவிப்பாளர் எழுந்தார். ஒலிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, படியேறி, கூடத்தின் நடுவே நடந்து, யாரையும் கேட்காமல் பதினேழாம் அறையின் இரட்டைக் கதவைத் தள்ளினார். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் அதைப் பற்றி இப்போது அவருக்கு வெட்கம் இல்லை.

உள்ளே டாக்டர் மட்டும் இருந்தார். நடுவயது. பளபளவென்று துடைத்த கருவிகளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று ஆண்டுகளாக நோயாளியைப் பார்க்காத நாற்காலியின் மேல் உறை போட்டிருந்தது. ஆள் வந்ததைப் பார்த்ததும் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கடிபட்ட கை.

"சான்றிதழ்?"

"இல்லைங்க."

"பயம் எவ்வளவு?"

"கடைசியா தொண்ணூத்தொண்ணு. இப்ப அதுக்கு மேலயே இருக்கும்."

டாக்டர் கதவைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "எனக்கும்," என்றார் மெதுவாக. "என்னை மட்டும் யாரும் அளக்கல."

"நான் கடிக்க மாட்டேன் டாக்டர். சத்தியமா. வேணும்னா கத்துவேன்."

"கத்தலாம். கத்தறதுக்கு ஆட்சேபணை இல்ல."

டாக்டர் கதவைத் தாளிட்டார். உறையை உதறி எடுத்தார். ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு ஒரு கை வாய்க்குள் வந்தது. கடிபட்ட அதே கை. அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, மைக் முன்னால் திறப்பது போல வாயை அகலத் திறந்தார். ஓர் அழுத்தம், ஓர் அசைவு, காதுக்குள் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

கத்தியது டாக்டர்தான். பல் குறட்டில் வந்துவிட்டதைப் பார்த்துக் கத்தினார். கூடத்தில் இருந்த ஐம்பது பேரும், அலறல் இன்று நான்கு நிமிடம் முன்னதாக வருகிறதே என்று கன்னத்தைப் பிடித்தார்கள்.

திங்கட்கிழமை ழகரம் திரும்பி வந்தது. வீக்கம் முழுதாக வடியவில்லை என்றாலும் ஏழாம் மேடை ஏழாம் மேடையாகவே கேட்டது. மேலாளர் திருப்தியடைந்து, மருத்துவமனைச் சான்றைக் கொண்டுவரச் சொன்னார். அங்கே அச்ச மதிப்பீட்டு அலுவலர் அம்மாள் டார்ச் அடித்து வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார்.

"இங்க ஒரு காலியிடம் இருக்கு. அது எனக்குத் தெரியுது. ஆனா சான்றிதழ் இல்லாம இங்க பல் எடுக்க முடியாது. அதனால எடுக்கல. எடுக்காத பல் வாய்லதான் இருக்கணும். அடுத்த வாரம் அளவீட்டுக்கு வாங்க."

ழகரம் வந்துவிட்டதே போதும் என்று மேலாளர் அந்தச் சான்றைப் பிறகு கேட்கவில்லை. டாக்டரைத் தண்டிக்க வழியில்லாமல் போயிற்று. நடக்காத ஒன்றைச் செய்ததற்காக ஒருவரைத் தண்டிக்க விதி இடம் கொடுக்கவில்லை. அவரைப் பதவி உயர்த்தி, அச்சப் பதிவேடுகளைச் சரிபார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். பதினேழாம் அறையைப் பூட்டினார்கள். சாவி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு படிவம் அச்சடித்தார்கள்.

அறிவிப்பாளர் அந்த நாடாவைத் தரும்படி மருத்துவமனைக்கு எழுதினார். மூன்று முறை எழுதினார். ஒரு மாதம் கழித்து ஒரு நண்பகலில், ஒலிக்கூடப் பெண்ணே பேருந்து நிலையத்துக்கு வந்து, கண்ணாடிச் சன்னல் வழியாக ஓர் உறையை நீட்டினாள்.

'பொருள்: அலறலைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக. தாங்கள் கோரிய ஒலிநாடாவின் முதல் நான்கு வினாடிகள் பயன்பாட்டில் உள்ளதால் வழங்க இயலாது. மீதமுள்ள பகுதி பயன்பாட்டில் இல்லாததால் விதிப்படி அழிக்கப்பட்டது. இது தங்கள் தகவலுக்காக.'

"என் கையாலயே அழிக்க வச்சாங்க சார்," என்றாள் அவள். "ரெண்டு பேர் பக்கத்துல நின்னு பார்த்தாங்க. அழிக்கறதுக்கு முன்னாடி சரிபார்க்கணும்னு சொல்லி ஒரு தடவை முழுசா ஓட விட்டேன். அவங்களும் கேட்டாங்க. ஒருத்தர் சிரிச்சுட்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்."

அறிவிப்பாளர் உறையை மடித்து வைத்தார். அடுத்த பேருந்துக்கு நேரமாகியிருந்தது. அறிவித்தார். குரல் எங்கும் பிசகவில்லை. சன்னலுக்கு வெளியே அவள் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள், சாப்பாட்டு இடைவேளையில், அவர் அந்தக் கூடத்துக்குப் போய் உட்காருவது வழக்கமாயிற்று. துண்டுக்காரர் அவருக்கு இடம் பிடித்து வைப்பார். ஒரு நாள் பக்கத்தில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி. புதிதாக வந்தவள். அலறல் வந்ததும் வெலவெலத்துப் போய், முன்பின் தெரியாத அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஐயோ, கொல்றாங்களா அவரை?"

"பயப்படாதீங்கம்மா. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வெறும் கண்ணாடி," என்றார்.

"என்ன கண்ணாடி?"

அவர் சொன்னார். அறிவிப்புச் சொல்லுகிற குரலில் இல்லை, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. டாக்டர் சொன்னதைச் சொன்னார். உருண்ட பாத்திரத்தைச் சொன்னார். கம்பத்தில் நான் ஏறுகிறேன், நீங்கள் என் வாய்க்குள் ஏறுகிறீர்கள் என்பதைச் சொன்னபோது, அந்த 'டா'வையும் விடாமல் போட்டார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்துவிட்டு, வலியில் முகத்தைச் சுளித்தாள். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"அப்புறம் என்ன சொன்னாரு?" என்றாள்.

"இவ்வளவுதானான்னு கேட்டாரு."

"அவ்வளவுதானா? அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலயா?"

"ஒண்ணும் சொல்லல," என்றார் அறிவிப்பாளர். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். இரண்டு மணி வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது.

வாசலைத் தாண்டும்போது அடுத்த கால் மணி வந்தது. பின்னாலிருந்து அண்ணன் கத்தினார். அவர் நான்கு வினாடியும் நின்றார். பிறகு நிலையத்தைப் பார்த்து நடந்தார்.